மேட்டில் ஓர் இடம்

"இடம் இல்லே. எத்தனை தரம் சொல்றது?" என்று மேசையைத் தட்டினார் கமிட்டித் தலைவர் பர்னெட் துரை. வேதக்கோயில் வாசலில் சில்வஸ்டரின் சவப்பெட்டி காலையிலிருந்து கிடந்தது. உள்ளே கமிட்டி இரண்டாம் தடவை டீ குடித்து முடித்திருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் செத்தவனின் பெண்டாட்டி வீரம்மா கைகூப்பியபடி நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள். பாவம், புருஷனுக்கு ஆறடி மண் கேட்டுக் கெஞ்சுகிறாள் என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

குன்னூருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட் கோயிலுக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள். மேட்டில் இருந்தது வெள்ளைக்காரர்களுக்கு: இரும்புக் கேட்டு, சலவைக்கல், ரோஜாச் செடி. பள்ளத்தில் ஓடையை ஒட்டி இருந்தது நம் ஆட்களுக்கு. மழைக்காலத்தில் அங்கே குழி வெட்டினால் பெட்டியை இறக்குவதற்குள் தண்ணீர் ஊறிவிடும்.

அந்த வருஷ ஈஸ்டருக்குத்தான் சபை மொத்தமும் எழுந்து நின்று தீர்மானம் போட்டது: கர்த்தருடைய வீட்டில் இனி வெள்ளை, கறுப்பு என்ற பேதம் கிடையாது. பாதிரியார் கண் கலங்கினார். துரைசானிகள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒரு பெஞ்சுகூட நகரவில்லை. துரைமார் முன்னால் பெஞ்சில், நம் ஆட்கள் பின்னால் பாயில், எல்லாம் பழையபடிதான்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் செலஸ்டினுக்கு அந்த எரிச்சல் ஈஸ்டரிலிருந்தே அடங்கவில்லை. கமிட்டியில் இருந்த ஒரே தமிழர் அவர்தான். சில்வஸ்டரை மேட்டில் புதைக்க வேண்டும் என்று கேட்டவரும் அவரே.

"இடம் இல்லாம என்னங்க? செத்துப்போன பெரிய துரையோட கல்லறைக்குப் பக்கத்துல ஒரு குழிக்கு இடம் கெடக்குதே! காலைல நானே போய்ப் பாத்துட்டு வந்தனுங்க."

"அது ரிசர்வ்."

"யாருக்குங்க?"

பர்னெட் துரை பைப்பைப் பற்றவைத்தார். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சகோதரரே, தீர்மானம் தீர்மானம்தான். ஆனால் சபை இன்னும் சற்றே பக்குவப்பட வேண்டும்."

"எத்தனை பொணம் விழுந்தா பக்குவப்படுமுங்க?" செலஸ்டின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு. "எந்திரிச்சு நின்னு சத்தியம் பண்ணுனது யாருங்க? வாயில வந்ததை மண்ணுல காட்டுங்கன்னா மட்டும் கசக்குதா?"

வீரம்மா மறுபடி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க ரைட்டரய்யா, ஒரு வார்த்தை..."

"நீ சித்த சும்மா இரு வீரம்மா! உனக்காகத்தானே இங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டிருக்கறேன்."

நியாயம் பேசினால் இவர்களிடம் வேலைக்காகாது. செலஸ்டின் வேறு பக்கமாகப் போனார்.

"சில்வஸ்டர் யாருங்க? பெரிய துரையோட குதிரைக்காரன். குதிரை தள்ளி வலது கை ஒடஞ்சு சூம்பிப் போச்சு. அப்பவும் ஒத்தக் கையிலயே சேணம் கட்டுனானுங்க, பெரிய துரை சாகற வரைக்கும். ஒரு நாள் மொனகியிருப்பானா? அப்படிப்பட்டவனுக்கு எசமான் பக்கத்துல இடமில்லீங்களா?"

பாதிரியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "எஜமானுக்கு அருகே ஊழியன்! நன்று, மிகவும் நன்று."

பர்னெட் துரைக்கும் அது பிடித்துப்போனது. கறுப்பன் என்றால் இடம் இல்லை. துரையின் குதிரைக்காரன் என்றால் உண்டு போலிருக்கிறது. "ஆல்ரைட்" என்று பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

செலஸ்டினுக்கு வாயெல்லாம் கசந்தது. மனுஷன் என்று சொல்லிக் கேட்டபோது கிடைக்காத மண், வேலைக்காரன் என்று சொன்னதும் கிடைக்கிறது. என்ன எழவோ, அந்தக் கேட்டு திறக்கிறதே, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பனிமூட்டம் இறங்குவதற்குள் குழி வெட்டி, பெட்டியை மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அந்த இரும்புக் கேட்டை நம் ஆள் ஒருவனின் பிணம் தாண்டியது அதுதான் முதல் தடவை. பாயில் உட்காருகிற சனம் அத்தனையும் திரண்டு வந்திருந்தது. துரைசானிகள் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்கள்.

செலஸ்டின் வீரம்மாவை அழைத்துவந்து குழியோரம் நிறுத்தினார். ஜெயித்த சந்தோஷத்தில் குழியைக் கைகாட்டினார். "பாத்தியா வீரம்மா? பொட்டுத் தண்ணி ஊறாத மண்ணு! ஆமா, காலைல இருந்து என்னமோ சொல்லோணும் சொல்லோணும்னியே, இப்பச் சொல்லு."

வீரம்மா பக்கத்திலிருந்த பெரிய துரையின் சலவைக்கல்லைப் பார்த்தாள். சுற்றி நின்ற துரைமாரைப் பார்த்தாள்.

"அவுரு கையை ஒடச்சது குதிரை இல்லீங்க, இந்தப் பெரிய துரைதான். வெளிய சொன்னா குடும்பத்தோட லைன் வீட்டை உட்டுத் தொரத்திருவேன்னாரு. அதனால குதிரை மேல பழியைப் போட்டுட்டு இருந்தமுங்க."

செலஸ்டின் அந்தச் சலவைக்கல்லைத் திரும்பிப் பார்த்தார். வீரம்மா கூப்பிய கையை எடுக்காமலே அவரிடம் சொன்னாள்:

"நம்ம பள்ளத்துக்கே கொண்டுபோயிருங்க ரைட்டரய்யா, செத்த பொறகாச்சும் அந்தத் துரைகிட்ட இருந்து தள்ளிப் படுக்கட்டும்."