பட்டினி கிடக்கும் பூஞ்சை

மாலை வெயில் ஆய்வகத்துச் சன்னல் வழியே கண்ணாடிக் குடுவையில் விழுகிறது. உள்ளே, ஊறிய வைக்கோல் துகள்களின்மேல் வெள்ளைப் பஞ்சுபோலப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. வைக்கோலைச் சர்க்கரையாக உடைத்து, அந்தச் சர்க்கரையை எரிபொருளாக்கும்படி அதன் மரபணுவை மாற்றியவள், மோவாயில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலை நடந்தால், அப்போது உண்டாகும் வாயு, குடுவையிலிருந்து நீருக்குள் இறங்கும் குழாயில் குமிழியாக வரவேண்டும். இன்றும் வராவிட்டால் பூஞ்சையைக் கொட்டிவிடச் சொல்லிவிட்டார்கள் மேலதிகாரிகள். அவள் கை சர்க்கரைக் கரண்டிக்குப் போகிறது. "ஒரே ஒரு கரண்டிங்க. பட்டினியாக் கிடக்கு, மனசு கேக்கல." அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கும் பஸ் ஓட்டுநர் கணவன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். "நீதானடி சொன்னே, சர்க்கரை கிடைச்சா இந்தச் சோம்பேறிப் பூஞ்சை வைக்கோலைத் தொடாதுன்னு? செல்லம் குடுத்துக் கெடுக்காதே." "உங்கம்மா உங்களைக் கெடுத்த மாதிரியா?" அவன் சிரிக்கிறான், பிடியை மட்டும் விடவில்லை. குழாயின் நுனியில் கடுகளவு குமிழி ஒன்று திரண்டு, தயங்கி, மேலேறி உடைகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்று. "ஏய், சாப்பிடுதுடி!" "கத்தாதீங்க," என்கிறாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சாப்பிடட்டும்."