நங்கூரம் பிடித்த இடம்

சங்குமுனைத் தீவு கடலுக்குள் போய் ஒன்பது வருடமாகிவிட்டது. ஒரு காலத்தில் மீன் திருடர்களை விரட்டிய அதன் கடற்படையில் மிஞ்சியது ஒரே கப்பல். மூழ்கிய ஊருக்கு நேர் மேலே அந்தக் கப்பல் நிற்கும்வரைதான் அது நாடு. எல்லைக்கு வெளியே பிறக்கும் பிள்ளை அகதி.

அன்று மதியம் பேய்க்காற்று. நங்கூரம் பிடிக்காமல் நழுவிக்கொண்டே போனது. கீழ்த்தளத்தில் கப்பல் சமையல்காரி ரெஜினாவுக்குப் பிரசவ வலி.

“மேடம், இஞ்சின் முழுசா ஓடியும் கப்பல் நிக்க மாட்டேங்குது! எல்லைக்கு நாப்பது மீட்டர்தான் இருக்கு!” என்று மாலுமி லாசர் அலறினான்.

கேப்டன் எமில்டா படிக்கட்டில் குனிந்து கத்தினாள். “ரெஜினா, ஒண்ணு இப்பவே பெத்துடு, இல்லேன்னா பொறுத்துக்கோடி!”

முப்பது மீட்டர். இருபது. திடீரென்று கப்பல் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அடியில் எதிலோ நங்கூரம் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து வீலென்று ஓர் அழுகை.

எமில்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பழைய ஊர் வரைபடத்தை விரித்து, நங்கூரம் பிடித்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பதிவேட்டில் பிறந்த இடத்துக்கு நேரே, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: மாதா கோயில் மணிக்கூண்டு, சங்குமுனை.