வரிக்கு வரி

"திருடிட்டான், எல்லியட்! எங்க அம்மாவோட இரங்கல் குறிப்பையே ஒருத்தன் திருடிட்டான்!"

வந்த வேகத்தில் ஜனெல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்து எல்லியட் பக்கம் தள்ளினாள். பின்னாலேயே வந்த அவள் தம்பி டெல், பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை மிதியடியில் தட்டிவிட்டு, சன்னலோரமாகப் போய் நின்றுகொண்டான்.

எல்லியட் அந்தச் சிற்றூரின் இறுதிச் சடங்கு நிலையத்தை விலைக்கு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஃபார்கோ நகரத்திலிருந்து வந்தவன். ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்பதே அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் வேலையில் கெட்டிக்காரன். ஜனெலின் அம்மா ஆர்டிஸுக்கு நாளை மறுநாள் லூதரன் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. அம்மாவைப் பற்றி ஜனெல் எழுதிக் கொடுத்த குறிப்பை எல்லியட்தான் நிலையத்தின் இணையதளத்தில் போட்டிருந்தான். இப்போது அதே குறிப்பு, ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு தளத்தில்.

"முழுசாப் படிச்சீங்களா மேடம்?"

"எங்க படிக்கிறது! மேல நாலு வரி பார்த்ததுமே வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு நாள் உக்காந்து அழுது அழுது எழுதினது. எவனோ நோகாம தூக்கிட்டுப் போறான்!"

"விட்டுடேன் அக்கா," என்றான் டெல். "அடக்கத்தை வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கு? இன்னும் ரெண்டு பேரு சேர்த்துப் படிச்சா அம்மாவுக்கு என்ன குறைஞ்சுடும்?"

"நீ வாயை மூடு. நான் எழுதறப்ப பக்கத்துல வந்து ஒரு வரி சொன்னியா? எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, இப்ப வந்துட்டான் பெரிய தர்மப்பிரபு!"

எல்லியட்டுக்கு இது புதிதில்லை.

"இதுக்குன்னே ஒரு கும்பல் இருக்கு மேடம். எங்க சாவு விழுந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்துடுவாங்க. குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டு, பக்கத்துலயே பூ விக்கிறோம்னு கடை விரிப்பாங்க. போன மாசம் ஒரு பெரியவருக்கு முப்பது பேரு பூ அனுப்பினாங்க. ஒரு இதழ்கூட வந்து சேரல."

"அட நாசமாப் போறவங்களா! இதை எடுக்க வைக்க முடியாதா?"

"தாராளமா முடியும். எழுதினவங்க நீங்க, உரிமை உங்களுது. அந்தத் தளத்துக்கு இடம் குடுத்திருக்கிற கம்பெனிக்கு நீங்க கையெழுத்துப் போட்டு ஒரு புகார் அனுப்பினா, நாளைக்குள்ள அந்தப் பக்கம் இருந்த இடம் தெரியாது. ஆனா எந்தெந்த வரி உங்களுதுன்னு காட்டணும். நீங்க உங்களதை வாசிங்க. நான் இதுல பார்த்துக்கிட்டே வர்றேன்."

ஜனெல் கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஆர்டிஸ் செவ்வாய்க்கிழமை காலை, தன் எண்பத்தொன்றாவது வயதில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்."

"அதேதான்."

"சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். பிடிபட்டால், ஆட்டம் சப்பென்று இருந்தது, அதனால்தான் என்பார்."

எல்லியட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான் மேடம்."

"முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். எவ்வளவு பனி கொட்டினாலும், ஒரு பிள்ளை குறைந்தால்கூட வண்டியை எடுக்க மாட்டார்..."

காகிதத்தை மடியில் இறக்கிவிட்டாள். அம்மா போனபின் தன் கையில் மிஞ்சியது இந்த ஒரு பக்கம்தான் என்று அவளுக்கு இருந்தது. அதையும் ஒருத்தன் பறித்துக்கொண்டானே என்று ஆறவே இல்லை. எல்லியட் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, அவள் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். விளம்பரம் எதையும் காணோம். பூவும் விக்கல. இதை எடுத்துப் போட்டு இவங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லாம எவன் செய்வான்? நாளைக்குக் கடை விரிப்பான், பாருங்க." ஜனெலுக்குக் கோபம் மறுபடி தலைக்கேறியது. "நான் கேக்கறேன், எங்க அம்மா இவனுக்கு யாரு? என்ன உரிமையில எங்க அம்மாவைத் தொட்டான்? கொண்டாங்க அந்தப் புகாரை, முதல்ல கையெழுத்தைப் போடறேன்!"

"அக்கா..." என்றான் டெல்.

"பேசாதே!"

எல்லியட் நீட்டிய தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"மிச்சம் இருக்கிற வரியையும் பார்த்துட்டு இப்பவே அனுப்பிடலாம்," என்றான் எல்லியட். "வாசிங்க."

"அவருக்கு மூன்று பிள்ளைகள்: ஜனெல், டெல், கோரி."

எல்லியட்டின் விரல் திரையில் நின்றது. இரண்டு முறை படித்துப் பார்த்தான்.

"இங்க மட்டும் மாறுது மேடம். நாலு பிள்ளைங்கன்னு போட்டிருக்கு. உங்க மூணு பேருக்கு அப்புறம், மார்னின்னு ஒரு பேரு. யாரு மேடம் இது?"

ஜனெல் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சன்னலோரம் நின்ற டெல்தான், திரும்பாமலேயே சொன்னான்: "எங்க கடைசித் தங்கச்சி. அக்கா எழுதாம விட்ட பேரை, அவளே எழுதிச் சேர்த்துக்கிட்டா."