காத்து வாங்கணும்

“இந்த வெயில்ல அப்பாவை எதுக்குக் கீழே உக்கார வெச்சிருக்கே?”

மகேஷ் ஹிந்தியில் கத்தினான். கல்கத்தா சால்ட் லேக் ஆபீசிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், செக்யூரிட்டியின் நாற்காலியில் எண்பது வயது அப்பாவைப் பார்த்துப் பதறிப்போனான். அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மாலதி பின்பக்கத்திலிருந்து கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வந்தாள்.

“அவளைத் திட்டாதேடா. காத்து வாங்கணும்னு நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன்” என்றார் அர்ஜுனன்.

“பால்கனியில இல்லாத காத்தாப்பா? லிஃப்ட் கிடையாது, ரெண்டு மாடி. ராத்திரி பூரா முழங்கால் வலின்னு முனகுறீங்க. தினமும் மூணு தடவை இறங்குறீங்களாம், செக்யூரிட்டி சொல்றான்!”

“பழகிடுச்சுடா.”

“இவளுக்குக் கீழே வந்து அரட்டை அடிக்கணும், அதுக்கு நீங்க ஒரு சாக்கு. இன்னிக்கே ஆயா சென்டருக்குப் போன் பண்ணி ஆளை மாத்துறேன்.”

மாலதிக்குத் தமிழ் தெரியாது. ‘சென்டர்’ மட்டும் புரிந்தது. முகம் வெளுத்துப் போயிற்று.

அர்ஜுனன் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். ஒரு கை கைப்பிடியில், இன்னொன்று மாலதியின் தோளில். வாய் மட்டும் ஓயவில்லை.

“கிதர்பூர் துறைமுகத்துல நான் கிரேன் ஓட்டினப்போ...”

ஆரம்பித்துவிட்டார். மகேஷ் நூறு தடவை கேட்ட புராணம்.

“அறுபது அடி உசரம்டா. மாத்து ஆள் வராம இறங்கக் கூடாது. கக்கூஸோ கீழே. அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஹரேன்னு ஒரு சிநேகிதன், பெங்காலி. மூச்சு வாங்க வாங்க ஏறி வருவான். ‘மேலேருந்து கங்கையைப் பாக்கணும் போல இருக்கு, பத்து நிமிஷம் சீட்டைக் குடு’ம்பான். ‘நீ போயிட்டு வா’ன்னு ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னா எனக்குக் கூச்சமா இருக்குமாம். என்ன மனுஷன்டா அவன்!”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகேஷுக்கு எரிச்சல்தான் வந்தது. இங்கே வேலை தலைக்கு மேலே கிடக்கிறது, இவருக்குக் கங்கையும் ஹரேனும்!

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனான். மாலதி சேர்ந்த அன்று அவனே ஹிந்தியில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளின் அடியில்தான் சென்டர் நம்பர் இருந்தது. நம்பரைத் தேடிய கண் மேலே இருந்ததையும் படித்துவிட்டது.

‘1. காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை, அப்பாவை ஒரு நிமிஷம்கூட வீட்டில் தனியாக விடக் கூடாது.

2. எங்கள் பாத்ரூமை உபயோகிக்கக் கூடாது. கீழே பின்பக்கத்தில் செக்யூரிட்டி பாத்ரூம் இருக்கிறது.’

மகேஷ் போனை எடுக்கவில்லை.

ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

“என்னடா, நம்பர் கிடைச்சுதா?”