ஆஸ்பத்திரி வாசல் வரை

2025 ஜூன் 16, திங்கட்கிழமை பிற்பகல், மட்டாஞ்சேரி ஷபானாவின் மின்சார டாக்ஸி எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் சார்ஜ் தீர்ந்து நின்றுபோனது.

"ஏன்னா, ஒரு புதுசு வாங்கப்படாதோ? கார் பேட்டரியைக்கூடவா செகண்ட் ஹாண்டாப் பார்க்கணும்?"

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மட்டாஞ்சேரியில் சேவியரின் ஒர்க்‌ஷாப்பில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஸ்வர்ணலதா கணவரைக் கேட்டாள். எதிரே அவர்களுடைய மின்சாரக் கார் லிஃப்டில் உயர்ந்து நின்றது. அடியில் இருந்த பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது.

"புதுசுக்குக் கொடுக்கிற காசுல பாதிக் கார் வாங்கலாம்," என்றார் கல்யாணராமன்.

மிளகுக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ், கட்டில், குக்கர் எல்லாமே யாரோ உபயோகித்து விற்றவைதான். கார் ஒன்றுதான் புதிதாக வாங்கியது. அதற்கும் இந்தக் கதி.

"நாலு வருஷமா கோயிலுக்கும் திருப்பூணித்துறையில அக்கா ஆத்துக்கும்தானே ஓடித்து? அதுக்குள்ள எப்படிக் கெட்டுப்போச்சு?"

"ஓட்டாம வெச்சாலும் கெடும்."

"இப்போ போடறது யாரோடதோ, எங்கே இடிச்சதோ."

"நல்ல கை ஓட்டினதாக்கும். பயப்படாதே," என்று சொல்லிவிட்டு அவர் சாயாவை ஊதிக் குடித்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஷபானா சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்துச் சந்தில் குடியிருப்பவள். பாலக்காட்டுப் பக்கம் பிறந்து மட்டாஞ்சேரிக்கு வாழ வந்தவள். கணவன் போனபிறகு டாக்ஸி ஓட்டித்தான் வீட்டை நடத்துகிறாள்.

"மாமி, என் வண்டி பிழைச்சுருச்சு," என்று ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஹோட்டல் விருந்தினர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் அழைத்து வருவதுதான் ஷபானாவின் நிரந்தர வருமானம். பேட்டரி தேய்ந்து, போனால் வழியில் சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது என்ற நிலை. நேரத்துக்கு வர முடியாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் சேவியர் ஒரு பேட்டரி தேடிப் பிடித்தான். பின்னால் லாரி இடித்து நொறுங்கிய காரிலிருந்து எடுத்ததாம். பேட்டரியில் கீறல்கூட இல்லையாம். அந்தக் காரை எடுத்துக்கொண்ட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது சும்மா கிடந்தால் இடைஞ்சல் என்று, ஷபானாவின் பழைய பேட்டரியை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்களாம்.

"யாரு புண்ணியவானோ, அந்தக் காருக்காரங்களுக்காக நேத்தே துவா பண்ணிட்டேன்," என்றாள் ஷபானா. பிறகு லிஃப்டில் நின்ற காரைப் பார்த்துச் சிரித்தாள். "மாமாவும் பழசுதானா? நல்ல காரியம். பழசே தாராளம்."

சேவியருக்கு என்னவோ இருமல் வந்தது. கல்யாணராமன் சாயா கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்வர்ணலதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜூன் மாதம் அந்த மழையில், வீட்டில் தனியாக இருந்தவளுக்கு நெஞ்சுவலி வந்தது. கார் திருப்பூணித்துறையில் கணவரோடு இருந்தது. ஷபானாதான் வந்து தூக்கி டாக்ஸியில் உட்கார வைத்தாள். சார்ஜ் பத்தாது என்று தெரிந்தும் கிளம்பினாள். ஏசியை அணைத்து, பாட்டை அணைத்து, கண்ணாடி மூடிய வண்டிக்குள் வியர்த்து வழிய ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்வர்ணலதாவை இறக்கிவிட்ட பிறகுதான் வண்டி நின்றது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்றார் டாக்டர்.

காசு கொடுத்தால் இனிமேல் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஷபானா சொல்லிவிட்டாள். சரி, வேறு ஏதாவது செய்யுங்கள் என்று ஸ்வர்ணலதா கணவரை ஐந்து மாதமாக அரித்துக்கொண்டிருக்கிறாள். "பார்க்கலாம்" என்பார். இதுவரை அவர் செய்தது ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல்.

ஷபானா ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

"முன்பின் தெரியாதவா யாரோ அவளுக்கு ஒத்தாசை பண்ணியிருக்கா," என்றாள் ஸ்வர்ணலதா. "உயிர்ப்பிச்சை வாங்கிண்ட நாம என்ன பண்ணினோம்?"

அவர் காலி கிளாஸை வைத்துவிட்டு வர எழுந்து போனார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. சேவியர் லேப்டாப்பை இணைத்துப் பார்த்துவிட்டு, "ஃபுல் சார்ஜ், சாரே. கோயிலுக்கு தைரியமாப் போகலாம்," என்றான். அவரிடம் கூலி வாங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். அதுவும் ஸ்வர்ணலதாவுக்கு விசித்திரமாக இருந்தது.

கார் கிளம்பும்போது எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைக் கல்யாணராமன் உரக்கப் படிப்பது வழக்கம். "இருநூத்திப் பத்து காட்டறது" என்று சொல்லாமல் அவர் கேட்டைத் தாண்டியதே இல்லை. இன்று படிக்கவில்லை. பஜாரைத் தாண்டியதும் ஸ்வர்ணலதாவே எட்டிப் பார்த்தாள்.

எழுபத்து நாலு.

"வண்டியைத் திருப்புங்கோ," என்றாள். "நன்னா ஏமாத்திட்டான் அந்த சேவியர். செத்த பேட்டரியைத் தலையில கட்டியிருக்கான். அதான் கூலி வேண்டாம்னான். மலிவு மலிவுன்னு அலைஞ்சேளே, இப்போ பாருங்கோ."

கல்யாணராமன் திருப்பவில்லை. பாலத்தில் ஏறியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவன் ஏமாத்தலை, ஸ்வர்ணம். நம்ம பேட்டரிக்கு ஒரு கேடும் இல்லை. ரெண்டும் ஒரே மாடல்தானே, அது இப்போ ஷபானா வண்டியில இருக்கு. இது அவளோடது. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உன்னைக் கொண்டு சேர்த்தது இதாக்கும்."

ஸ்வர்ணலதா கையை நீட்டி ஏசியை அணைத்தாள்.

திருப்பூணித்துறைக் கோயிலுக்குப் போய் வீடு திரும்பியபோது, இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் மிச்சம் இருந்தது.