எதிரே வந்தவள்

"ஏனுங்க செகரட்டரி, இன்னைக்கும் அந்தப் பொண்ணு இடமாத்தான் சுத்துதுங்க."

நடந்த வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து முறையிட்டார் ராமாமணி. குடியிருப்போர் சங்கச் செகரட்டரி சீனிவாசலுவுக்கு அது தெரியாத சேதியா என்ன? கொஞ்ச நாளாகவே அவரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

வடவள்ளிப் பக்கம் அந்த லேஅவுட்டில் பூங்கா என்று ஒன்று இருப்பதே சீனிவாசலுவால்தான். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கிடந்த காலி இடத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, வேலி போட வைத்து, புங்கனும் வேம்பும் நட்டு, சுற்றிலும் நடைபாதை போட்டவர். இப்போது பொழுது விடிந்தால் சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள், முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார் என்று யாராவது வந்து சொன்னால், தானே வைத்தியம் பார்த்த மாதிரி அவருக்கு நெஞ்சு நிமிரும்.

அந்த நெஞ்சுக்கும் தீபாவளிக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

பூங்காவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோயிலைச் சுற்றுகிற மாதிரி எல்லோரும் வலமாகத்தான் நடக்க வேண்டும். அந்தப் பெண் ஒருத்தி மட்டும் இடமாக நடந்தாள். பெயர் கயல்விழி. பின் தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். காந்திபுரத்தில் ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடித்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதும், வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் நேரே பூங்காவுக்குள் நுழைந்துவிடுவாள்.

சும்மா நடந்தாலும் பரவாயில்லை. எதிரே வரும்போதெல்லாம் சீனிவாசலுவின் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு. போன வாரம் ஒரு நாள் வழியை மறித்தே நின்றுவிட்டாள்.

"ரொம்ப வேர்க்குதுங்க சார். கொஞ்சம் உக்காந்துட்டு நடங்க."

அவருக்குச் சுருக்கென்றது. வயசாகிவிட்டது என்று குத்திக் காட்டுகிறாளாம். வீம்புக்கு இன்னொரு சுற்று போய்விட்டுத்தான் உட்கார்ந்தார்.

இன்றைக்கு ராமாமணி விடுவதாக இல்லை.

"இடமாச் சுத்தறது எழவு ஊட்டுலதானுங்க. வெள்ளன எந்திரிச்சு வந்து இதையப் பார்த்தா வெளங்குமுங்களா? நீங்க வேற ஒடம்புக்கு ஆகாதவரு."

அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது. வெளியே சொல்லவில்லையே தவிர, அந்தப் பயம் சீனிவாசலுவுக்கும் இருந்தது. நெஞ்சுக்குள் லேசாக ஏதாவது இழுத்தால்கூட, எதிரே வரும் அந்த முகம்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய் அவளை நிறுத்தினார். பூங்காவுக்கு ஒரு முறை இருக்கிறது, பெரியவர்கள் மனசு சங்கடப்படுகிறது என்று நீளமாகப் பேசினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"நான் ஓரமாத்தானுங்க சார் போறேன். யாருக்கும் எடைஞ்சல் இல்லீங்களே."

"அதெல்லாம் வேண்டாம் அம்மணி. எல்லாரும் நடக்கற மாதிரி நடக்கறதுன்னா வா. இல்லீன்னா நாளையிலிருந்து இங்க வராதே."

அப்படி இடமாக நடப்பதற்கு என்னதான் காரணம் என்று சங்கத்து மயில்சாமி தன்மையாகவே கேட்டுப் பார்த்தார். கயல்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சீனிவாசலுவை ஒரு தடவை பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

"சரீங்க. நான் வரலீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற போக்கில், மெதுவாக நடங்க சார் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வேறு போனாள். திமிரைப் பாருங்கள்.

சீனிவாசலு வீட்டுக்கு வந்து ஜெயித்த கதையை மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். எப்போதும் நல்ல வேலை செய்தீர்கள் என்று ஒத்து ஊதும் பங்காரம்மா, கொண்டுவந்த காபியை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"அந்த நர்ஸுப் புள்ளையவா வர வேண்டாமுன்னீங்க?"

"ஆமா. உனக்கு அவளைத் தெரியுமா?"

பங்காரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தனியா நடக்க விடாதீங்கன்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாருங்க. நான் கூட வாரேன்னதுக்கு, என்னைய நோயாளின்னு ஊருக்கெல்லாம் காட்டறயான்னு கத்துனீங்க. மனசு கேக்காம ஒரு நாள் பின்னாலயே வந்தேன். திரும்பிப் பார்த்து, நடுரோட்டுல வெச்சு வெரட்டி உட்டீங்க."

"அதுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னைக்குத் தெருமுக்குல நின்னு அழுதுட்டிருந்தேனுங்க. டூட்டி முடிச்சு வந்த புள்ள பார்த்துட்டு, என்னன்னு கேட்டுச்சு. அழாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்னுச்சு. ராப்பூராம் கண்ணு முழிச்சுப்போட்டு வந்து உங்களுக்காகத்தானுங்க நடந்துச்சு."

சீனிவாசலுவுக்கு அப்போதும் பிடிபடவில்லை.

"எனக்காக நடக்கறவ, எல்லாரையும் மாதிரி வலமா நடந்திருக்கலாமல்ல?"

பங்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடவும் வரக் கூடாது, பின்னாலயும் வரக் கூடாதுன்னா, சுத்துக்குச் சுத்து உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு அந்தப் புள்ள எதுக்க வராம வேற எப்படீங்க வரும்?"