செங்கமலம் எழுதுகிறாள்

பால் பண்ணை தன் வாடிக்கையாளர்களைக் குழுக்களாகப் பிரித்தபோது, தமயந்தி 'விலை பார்ப்பவர்கள்' குழுவில் சேர்க்கப்பட்டாள். அவளுக்குத் தள்ளுபடிச் செய்திகள் வந்தன. அவள் கணவர் பூபாலன் 'பேச்சுத்துணை தேடுபவர்கள்' குழுவில் இருந்தார். அவருக்குப் பண்ணையிலிருந்து செங்கமலம் என்ற பசுவே தினமும் கைபேசியில் எழுதியது. அதைப் படித்துச் சிரித்துக்கொண்டேதான் காபி குடிப்பார்.

"என்னவாம் உங்க மகாராணிக்கு?"

"கன்னுக்குட்டி மழையில ஆட்டம் போட்டுச்சாம்."

"நானுந்தான் நேத்து மழையில நனைஞ்சு வந்தேன். கேட்டீங்களா?"

அவர் பசுவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

தமயந்தி அன்றே பாலை நிறுத்தினாள். மறுநாள் காலை, பூபாலன் கைபேசியைப் படித்துவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்படிப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"ஏம்மா, உனக்கு உடம்பு ஏதும் முடியலையா?"

அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். "என்ன, திடீர்னு?"

"பாலை நிறுத்திட்டியாமே, செங்கமலம்தான் உங்கிட்ட கேக்கச் சொன்னா."